பக்கவாதம்: கரைக்கும் ஊசியா, இழுத்தெடுக்கும் கதீட்டரா? யாருக்கு எது பலன் தரும்?

“மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு, உடனே போடணும். ஆனா சில பேருக்கு அதனால மூளைக்குள்ள ரத்தக்கசிவு வரலாம். கையெழுத்துப் போடுறீங்களா?”

பக்கவாத நோயாளியை அழைத்து வரும் குடும்பம் அவசர சிகிச்சைப் பிரிவில் எதிர்கொள்ளும் கேள்வி இது. யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் உறவினர் ஒருவர் போனில், “ஊசியெல்லாம் பழசு, இப்ப தொடை வழியா டியூப் விட்டு கட்டியையே வெளியில எடுத்துடுறாங்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்பார். இன்னொருவர், “காலையில வரைக்கும் பார்ப்போமே” என்பார்.

காலை வரை பார்ப்பது மட்டும் கூடாது. மற்ற இரண்டுமே உண்மையான சிகிச்சைகள், இரண்டுக்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆனால் புதுசு நல்லது, பழசு மட்டம் என்று இவற்றை எதிரெதிரே நிறுத்துவது சரியல்ல. அடைப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆயிற்று, முதலில் போய்ச் சேரும் மருத்துவமனையில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்து விடை மாறும். கடந்த 30 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இது புரியும்.

மடை அடைபட்ட வயல்

பக்கவாதம் இரண்டு வகை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது ஒன்று. ரத்தக்குழாய்க்குள் உறைகட்டி சிக்கி ரத்த ஓட்டம் நிற்பது இன்னொன்று. பெரும்பாலானவை இரண்டாவது வகைதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டிலும் வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். ஒரு வகைக்கு உயிர் காக்கும் மருந்து, மற்ற வகைக்கு எமன். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்த மருந்தும் தரக் கூடாது என்கிறார்கள். வீட்டிலேயே “மாரடைப்புக்குக் குடுப்பாங்களே” என்று ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவதும் இந்தக் காரணத்தால் தப்பு. விழுங்க முடியாதவருக்கு வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போகலாம் என்பது தனி ஆபத்து.

அடைப்பு விழுந்ததும் மூளையின் அந்தப் பகுதி முழுவதும் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. மடை அடைபட்டால் தலைமாட்டு வயல் உடனே காயும். சுற்றியிருக்கும் வயல்களோ பக்கத்து வாய்க்கால் கசிவில் கொஞ்ச நேரம் வாடியபடி தாக்குப்பிடிக்கும். மூளையிலும் அப்படித்தான். நடுப்பகுதி முதலில் இறந்துவிடும். அதைச் சுற்றி, வேலை செய்யாமல் ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு விளிம்பு இருக்கும். ‘பெனம்ப்ரா’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எல்லா சிகிச்சையும் இந்த விளிம்பைக் காப்பாற்றத்தான். செத்த பகுதியை எந்த ஊசியும் எந்த டியூபும் மீட்காது.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் இறக்கின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். இது சராசரிதான். கிளைக்குழாய்கள் நன்றாக உள்ளவருக்கு அழிவு மெதுவாக நடக்கும், இல்லாதவருக்கு வேகமாக நடக்கும். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாக வரப்போகிறது.

ஊசி ஜெயித்தது எப்படி?

மாரடைப்பில் உறைகட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து நன்றாக உதவியது. அதையே மூளைக்கும் போட்டுப் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் இத்தாலி, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என மூன்று ஆய்வுகள் நடந்தன. ரத்தக்கசிவும் இறப்பும் கூடியதால் மூன்றையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் அல்டிபிளேஸ் என்ற வேறு மருந்து சோதிக்கப்பட்டது. நம் உடலே சுரக்கும் ‘டி.பி.ஏ.’ என்ற புரதத்தின் ஆய்வகப் பிரதி இது. உறைகட்டியைக் கட்டிப்போட்டிருக்கும் ஃபைப்ரின் இழைகள் இருக்கும் இடத்தில்தான் இது அதிகம் வேலை செய்யும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாதிரி ரத்தம் முழுக்கப் புகுந்து விளையாடாது. 624 பேரைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 1995 டிசம்பரில் வெளியானது. நிபந்தனை கறாரானது: அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். பாதிப் பேருக்கு 90 நிமிடங்களுக்குள் ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் கிட்டத்தட்ட பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் 26 சதவீதம்.

விலையும் இருந்தது. மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு நிலைமையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு வந்தது. மற்றவர்களில் 0.6 சதவீதம்தான். கையெழுத்துக் கேட்கும்போது மருத்துவர் சொல்வது இந்த ரிஸ்க்கைத்தான்.

இந்த 6 சதவீதத்தைக் கேட்டதும் குடும்பம் பயப்படுவது இயல்பு. ஆனால் சொல்லாமல் விடப்படும் ஒன்று உண்டு. 39-க்கு 26 என்ற கணக்கு, ரத்தக்கசிவு வந்தவர்களையும் சேர்த்த பிறகு வந்த கணக்கு. கசிவு வந்தவர்களைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சப் பேரிடம் பலனை அளக்கவில்லை. மூன்று மாத முடிவில் இறந்தவர்களும் மருந்து பெற்ற பக்கம் 17 சதவீதம், பெறாத பக்கம் 21 சதவீதம். மருந்து போடாமல் விடுவது ‘ரிஸ்க் எடுக்காமல் இருப்பது’ ஆகாது. அது படுத்த படுக்கையாகும் ரிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது.

அடுத்து வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து, 6,756 நோயாளிகளின் விவரங்களை 2014-ல் ஒன்றாக அலசினார்கள். 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் நன்றாகத் தேறியவர்கள் 32.9 சதவீதம், பெறாதவர்களில் 23.1. மூன்றுக்கும் நாலரைக்கும் இடையே 35.3-க்கு 30.1. நாலரை மணி நேரத்தைத் தாண்டினால் 32.6-க்கு 30.6, அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 100 பேரில் 10 பேருக்குக் கூடுதலாகக் கிடைத்த நன்மை, ஒன்றரை மணி நேரத் தாமதத்தில் 5 பேராகச் சுருங்கிவிட்டது. ரத்தக்கசிவு ரிஸ்க் மட்டும் சுருங்கவில்லை.

ஒரே அழுத்தில் டெனெக்டிபிளேஸ்

அல்டிபிளேஸில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. ரத்தத்தில் அதன் அளவு சுமார் 5 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கை முதலில் ஊசியாகச் செலுத்தி, மீதியை பம்ப் வைத்து ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மில்லிகிராம்: முதலில் 5.4, பிறகு 48.6. இடையில் பம்ப் மாட்டத் தாமதமானால் மருந்தின் வேகம் அறுந்துவிடும். நோயாளியை வேறு ஊருக்கு அனுப்புவதென்றால் பம்போடும் அதைக் கவனிக்கும் ஆளோடும் ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும்.

டெனெக்டிபிளேஸ் அதே புரதத்தில் மூன்று இடங்களில் மாற்றம் செய்து உருவாக்கியது. ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், ஃபைப்ரினை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், அதிகபட்சம் 25. 60 கிலோ நோயாளிக்கு 15 மில்லிகிராம். சில விநாடிகளில் ஒரே ஊசி, வேலை முடிந்தது.

பலன்? கனடாவில் சுமார் 1,600 நோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகத் தேறியவர்கள் டெனெக்டிபிளேஸில் 36.9 சதவீதம், அல்டிபிளேஸில் 34.8. மோசமான ரத்தக்கசிவு 3.4, 3.2. அதாவது இரண்டும் சமம். சமம் என்றால் ஒரே ஊசியில் முடிவதுதான் வசதி. உலகம் முழுக்க மருத்துவமனைகள் இப்போது அந்தப் பக்கம் நகர்வதற்குக் காரணம் இதுதான். 2025 மார்ச்சில் அமெரிக்காவும் பக்கவாதத்துக்கு இதை அனுமதித்தது. இந்தியாவில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, உள்நாட்டுத் தயாரிப்பாக, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் அளவில் இது பக்கவாதத்துக்குப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அபூர்வமாக நாம் முந்திக்கொண்ட இடம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, முக்கியமாக அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு. டெனெக்டிபிளேஸ் மாரடைப்புக்கும் போடும் மருந்து. மாரடைப்புக்கான அளவு எடையைப் பொறுத்து 30 முதல் 50 மில்லிகிராம், பக்கவாத அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒரே பெயர், ஒரே அலமாரி. “கூடுதலாப் போட்டா சீக்கிரம் கரையும்” என்ற நினைப்பும் பொய்யாகிவிட்டது. நார்வேயில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்ற அளவை நடுத்தர, தீவிர பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தபோது ரத்தக்கசிவும் இறப்பும் கூடியதால் ஆய்வை நிறுத்தினார்கள்.

“குறைவாப் போட்டா கசிவு வராதே, செலவும் மிச்சம்” என்பது மறுபக்க நினைப்பு. அல்டிபிளேஸை 0.9-க்குப் பதில் 0.6 மில்லிகிராம் அளவில் சுமார் 3,300 பேரிடம் சோதித்தார்கள். பெரும்பான்மையினர் ஆசியர்கள். 2016-ல் வந்த முடிவு: கசிவு உண்மையிலேயே பாதியாகக் குறைந்தது. ஆனால் ஊனத்தைத் தடுப்பதில் முழு அளவுக்குக் குறைந்த அளவு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை. ஜப்பானில் மட்டும் 0.6 தான் வழக்கம்.

சீனாவில் சோதிக்கப்பட்ட இன்னொரு மருந்து ரெட்டிபிளேஸ். 2024-ல் வெளியான ஆய்வில் 79.5 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், அல்டிபிளேஸ் பெற்றவர்களில் 70.4 சதவீதம். எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர் இங்கேதான் ஏமாறுவார். கனடாவில் 36.9, சீனாவில் 79.5, அப்படியானால் ரெட்டிபிளேஸ் இரண்டு மடங்கு உசத்தியா? இல்லை. அதே சீன ஆய்வில் அல்டிபிளேஸும்தான் 70-ஐத் தொட்டது. அங்கே சேர்க்கப்பட்டவர்களுக்குப் பக்கவாதம் லேசானது. ஓர் ஆய்வின் எண்ணை அந்த ஆய்வுக்குள் இருக்கும் மறுபக்க எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் “90 சதவீத வெற்றி” விளம்பரங்களைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இழுத்தெடுக்கும் சிகிச்சை: தோல்வியில் தொடங்கியது

ஊசிக்கு ஒரு எல்லை இருக்கிறது. கழுத்திலிருந்து மூளைக்குள் நுழையும் பெரிய ரத்தக்குழாயிலோ, அதன் முதல் பெரிய கிளையிலோ நீளமான உறைகட்டி உட்கார்ந்துவிட்டால் மருந்து அதன் மேல்தோலைத்தான் அரிக்கும். 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான கட்டி ஊசியால் மட்டும் கரைவது மிக அரிது என்று ஜெர்மனியில் 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த வகை அடைப்புதான் ஆட்களைப் படுக்கையில் தள்ளுவது.

கரையாததை இழுத்தெடுத்தால் என்ன? தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கதீட்டரை மூளை வரை செலுத்தி உறைகட்டியை வெளியே எடுக்கும் ‘த்ராம்பெக்டமி’ இப்படிப் பிறந்தது. 2004-ல் அமெரிக்கா அனுமதித்த முதல் கருவி பாட்டில் மூடி திறக்கும் திருகு மாதிரி இருந்தது. 2013-ல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மூன்றிலும் கதீட்டர் சிகிச்சை ஊசியை ஜெயிக்கவில்லை. ‘இந்த வித்தை இதோடு முடிந்தது’ என்றே பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பழைய கருவிகள். பெரிய குழாயில் கட்டி இருக்கிறதா என்று ரத்தக்குழாய் ஸ்கேனில் பார்க்காமலே பலரைச் சேர்த்திருந்தார்கள். சிகிச்சை தொடங்கவும் நேரமானது. இதற்குள் வலை போன்ற புதிய கருவி வந்துவிட்டது. கட்டியின் ஊடே அதைச் செலுத்தி விரித்தால் கண்ணிகளில் கட்டி மாட்டிக்கொள்ளும், அப்படியே பின்னால் இழுத்துவிடலாம். நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகள் 500 நோயாளிகளிடம் இதைச் சோதித்தன. அந்த நாட்டின் நிர்வாகம் ஒரு கெட்டிக்கார வேலை செய்தது: ஆய்வில் பங்கெடுக்கும் மருத்துவமனைக்குத்தான் இந்தச் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம். அதனால் மருத்துவர்கள் தங்களுக்குப் பிடித்த நோயாளிகளை ஆய்வுக்கு வெளியே வைத்துச் செய்யும் பழக்கம் நின்றது.

முடிவு: மூன்று மாதம் கழித்து யார் தயவும் இல்லாமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் 32.6 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19.1. ஒரு வருடத்துக்குள் இன்னும் நான்கு ஆய்வுகள் இதையே சொல்லின. ஐந்தையும் சேர்த்து 1,287 பேரின் விவரத்தைப் பார்த்தபோது 46 சதவீதத்துக்கு 26.5. ஏறத்தாழ 5 பேருக்குச் செய்தால் ஒருவர் கூடுதலாகத் தன் காலில் நிற்கிறார். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனால் உறவினரின் போனுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நெதர்லாந்து ஆய்வில் இரண்டு பக்கமும் பத்தில் ஒன்பது பேர் கரைக்கும் ஊசியை ஏற்கெனவே பெற்றிருந்தார்கள்! அங்கே ஊசியும் கதீட்டரும் மோதவில்லை. ஊசி மட்டும் ஒரு பக்கம், ஊசியோடு கதீட்டர் மறுபக்கம். “ஊசி பழசு” என்ற முடிவுக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

வலையால் இழுக்காமல், அகலமான கதீட்டரைக் கட்டிமேல் வைத்து உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. பிரான்சில் இரண்டையும் ஒப்பிட்டபோது 85.4 சதவீதத்துக்கு 83.1 என்ற அளவில் ரத்த ஓட்டம் திரும்பியது. சமம்தான். எந்தக் கருவி என்பது மருத்துவரின் கைப்பழக்கம், குடும்பம் அதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லா அடைப்புக்கும் டியூப் விட வேண்டும் என்பதும் இல்லை. நடுத்தர, சிறிய கிளைகளில் உள்ள கட்டியை இழுத்தெடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று 2025-ல் இரண்டு ஆய்வுகள் காட்டின. அங்கெல்லாம் ஊசிதான் முதன்மைச் சிகிச்சை. ஊனம் உண்டாக்காத மிக லேசான பக்கவாதத்தில் அந்த ஊசியும் தேவைப்படாமல், மாத்திரைகளே போதுமானதாக இருக்கலாம்.

சரி, ஊசியைத் தாண்டிக் குதித்தால்?

பெரிய குழாய் அடைப்பு, நோயாளியும் நேராகப் பெரிய மருத்துவமனைக்கே வந்துவிட்டார், கதீட்டர் அறை தயார். இப்போது ஊசி போட்டுக் கசிவு ரிஸ்க்கை ஏன் கூட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. சீனா, ஜப்பான், நெதர்லாந்து உட்படப் பல நாடுகளில் ஆறு ஆய்வுகள் இதற்காகவே நடந்தன. 2,313 பேரின் விவரங்களையும் சேர்த்து 2023-ல் வெளியிட்டார்கள். நேராகக் கதீட்டர் போனவர்களில் 49 சதவீதமும், ஊசியும் கதீட்டரும் பெற்றவர்களில் 51 சதவீதமும் தன் காரியம் பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். வித்தியாசம் சின்னது. ஆனால் ‘ஊசியை விட்டாலும் நஷ்டமில்லை’ என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதவில்லை.

அதே விவரங்களை நேரவாரியாகப் பிரித்தபோது விஷயம் தெளிவானது. அறிகுறி தொடங்கி சுமார் 2 மணி 20 நிமிடத்துக்குள் ஊசி போட்டவர்களுக்குத் தெளிவான கூடுதல் பலன். அதற்குப் பிறகு பலன் மங்கிவிடுகிறது. இவை பெரும்பாலும் அல்டிபிளேஸ் காலத்து ஆய்வுகள். 2025-ல் சீனாவில் 550 பேரிடம் டெனெக்டிபிளேஸ் போட்டுவிட்டுக் கதீட்டர் சிகிச்சை செய்தபோது 52.9 சதவீதம், ஊசி இல்லாமல் 44.1 சதவீதம் என்று வித்தியாசம் அகன்றது. தராசு ஊசியின் பக்கம் சாய்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஊசி போடவே கூடாதவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களில் பலர், சமீபத்தில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், 185/110-க்கு மேல் ரத்த அழுத்தம் இறங்காதவர்கள். இவர்களுக்குப் பெரிய குழாயில் அடைப்பு என்றால் கதீட்டர் நேரடி வழி. இந்த இடத்தில் அது ஊசிக்கு மாற்று.

தூங்கி எழுந்தபோதே கை வரவில்லை என்றால்?

இது அடிக்கடி நடக்கும். எப்போது தொடங்கியது என்றே தெரியாது. முன்பெல்லாம் “டைம் ஓவர்” என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது கடிகாரத்தோடு ஸ்கேனையும் பார்க்கிறார்கள். கிளைக்குழாய்கள் நன்றாக உள்ளவருக்கு விளிம்பு பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் காரணம்.

எம்.ஆர்.ஐ.யில் சேதம் புதிதாகத் தெரிந்தால், தூங்கி எழுந்தவர்களுக்கும் அல்டிபிளேஸ் போடலாம் என்று ஐரோப்பிய ஆய்வு 2018-ல் காட்டியது. 53.3 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், வெற்று ஊசியில் 41.8. அதே ஆண்டில் கதீட்டர் சிகிச்சைக்கும் கதவு அகலமாகத் திறந்தது. 6 முதல் 24 மணி நேரம் கடந்த, ஆனால் இன்னும் காப்பாற்ற மூளைப் பகுதி மிச்சமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தபோது 49 சதவீதம் பேர் சுயமாக இயங்கினார்கள். செய்யாதவர்களில் 13 சதவீதம். பலன் இவ்வளவு பெரிதாக இருந்ததால் 206 பேரோடு ஆய்வை முடித்துக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு “24 மணி நேரம் டைம் இருக்கு” என்று யாராவது நினைத்தால் விபரீதம். அந்த 206 பேரும் சல்லடை போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவ்வளவு நேரம் கழித்து வரும் பலருக்கு மிச்சமிருக்கும் விளிம்பே இருக்காது.

கதீட்டர் வசதி எட்டாத ஊர்களுக்கு உபயோகமான தகவல் 2024-ல் சீனாவிலிருந்து வந்தது. பெரிய குழாய் அடைப்பு, நாலரை முதல் 24 மணி நேரம், இழுத்தெடுக்கும் வசதி கிடைக்காது. அப்படிப்பட்ட 516 பேரை ஸ்கேனில் விளிம்பு பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். டெனெக்டிபிளேஸ் பெற்றவர்களில் 33 சதவீதம் நன்றாகத் தேறினார்கள், பெறாதவர்களில் 24.2. கசிவு 3 சதவீதத்துக்கு 0.8. கதீட்டர் அறைக்கே போக முடிகிறவர்களிடம் இதே தாமத நேரத்தில் நடந்த வேறொரு ஆய்வில் ஊசி கூடுதல் பலன் தரவில்லை. ஒரே மருந்து, கேள்வி மாறினால் விடை மாறுகிறது.

பக்கத்து ஆஸ்பத்திரியா, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியா?

தமிழ்நாட்டில் மூளைக்குக் கதீட்டர் விடும் நிபுணர்களும் அறைகளும் பெரிய நகரங்களில் குவிந்திருக்கின்றன. சி.டி. ஸ்கேன் அதைவிடப் பரவலாகக் கிடைக்கிறது. மாநில அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பில் பக்கவாதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி நிஜமானது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் இதையே ஆராய்ந்தார்கள். பெரிய குழாய் அடைப்பு என்று ஆம்புலன்ஸில் சந்தேகிக்கப்பட்ட 1,401 பேரில் ஒரு பாதியை அருகிலுள்ள மருத்துவமனைக்கும், மறு பாதியை நேராகத் தொலைவிலுள்ள கதீட்டர் மையத்துக்கும் கொண்டுபோனார்கள். நேராகப் போனவர்களில் 48.8 சதவீதம் பேருக்குக் கதீட்டர் சிகிச்சை கிடைத்தது, மற்றவர்களில் 39.4. ஆனால் கரைக்கும் ஊசி கிடைத்தது நேராகப் போனவர்களில் 47.5 சதவீதம், அருகில் போனவர்களில் 60.4. ஒரு பக்கம் கிடைத்தது மறுபக்கம் போய்விட்டது. மூன்று மாத முடிவில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை.

கட்டலோனியாவின் சாலையும் ஆம்புலன்ஸ் ஒருங்கிணைப்பும் நம்மிடம் இல்லாத நிலையில், சி.டி. ஸ்கேனும் ஊசியும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டிக்கொண்டு போவதற்கு இந்த ஆய்விலிருந்து ஆதரவு தேட முடியாது. பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே, சில நிமிட வித்தியாசத்தில் இருந்தால் அது வேறு கதை. மற்றபடி அருகில் ஸ்கேன், ஊசி, பிறகு கதீட்டர் மையத்துக்கு ஆம்புலன்ஸ் என்ற வரிசைதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். டெனெக்டிபிளேஸ் வந்த பிறகு பம்ப் தொல்லையும் இல்லை. ஊசி கரைக்கிறதா என்று ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அனுப்புவது மட்டும் கூடாது. போட்ட கையோடு கிளம்ப வேண்டும்.

இரண்டு வசதியும் இல்லாத மருத்துவமனையில் “அட்மிட் பண்ணி பாட்டில் ஏத்தியிருக்காங்க” என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பதுதான் மிகப் பெரிய இழப்பு. சேர்த்த உடனே கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: “சி.டி. இப்பவே எடுப்பீங்களா? கரைக்கிற ஊசி இங்க இருக்கா?” இல்லை என்றால் அடுத்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்யச் சொல்லி, 108-ல் கிளம்பிவிட வேண்டும்.

வாசலில் மருத்துவர் முதலில் கேட்பது, நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை. விழுந்து கிடந்ததை எப்போது பார்த்தீர்கள் என்பது அதற்கு விடையாகாது. கடைசியாக அவரோடு சரளமாகப் பேசியவர் யாரோ, அவரது போன் எண் கையில் இருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை எடுப்பவரா என்றும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் அது தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது எடுக்கிறாரா, கடைசி மாத்திரை எப்போது என்ற விசாரணையில் போகும் நேரம் மிச்சமாகும்.